நாற்றங்காலில் இல்லாத முல்லை

மரம் நடுவதை எதிர்த்து யாரும் பேசிவிட முடியாது. அதனாலேயே அதைப் பற்றி யாரும் அதிகம் சிந்திப்பதுமில்லை. திருமண வீட்டில் தாம்பூலப் பையோடு ஒரு கன்று தருகிறார்கள். ஓய்வுபெறும் ஆசிரியருக்கு ஒரு கன்று, தலைவரின் பிறந்தநாளுக்கு ஆயிரம் கன்று. என்ன கன்று என்று கேட்டுப் பாருங்கள், 'மரக்கன்று' என்றே விடை வரும். நெல் விதைப்பவரிடம் என்ன நெல் என்று கேட்டால் இரகத்தையும் பட்டத்தையும் சேர்த்துச் சொல்வார். மரத்துக்கு மட்டும் அந்தக் கேள்வியே இல்லாமல் போயிற்று.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இந்தக் கேள்விக்கு மற்ற இடங்களைவிட எடை அதிகம். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007இல் மறுபடியும் பிரிந்தது. ஆட்சியர் அலுவலகங்கள் எத்தனை முறை இடம் மாறினாலும் நிலம் ஒன்றுதான். மேற்கே பச்சைமலையின் அடிவாரம், நடுவே கரிசல், அதன் அடியில் பழைய கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல், கிழக்கே செந்துறை, செயங்கொண்டம் பக்கம் செம்மண் மேடு. சுண்ணாம்புக்கல் இருந்ததால் சிமெண்டு ஆலைகள் வந்தன. 1979இல் அரசு ஆலையும் அரியலூரில் உற்பத்தியைத் தொடங்கியது. கல்லை எடுத்த இடங்களில் இன்று பெருங்குழிகளும் அவற்றின் கரையில் மண்மலைகளும் இருக்கின்றன. இந்த மண்மலைகள், ஏரிக்கரைகள், சாலையோரங்கள், கல்லூரி வளாகங்கள், இவைதாம் நமக்கு நடுவதற்கு மிஞ்சியிருப்பவை. 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது. எண்ணிக்கை கிடைத்துவிடும். என்ன நடப்போகிறோம் என்பதே என் கவலை.

நாற்றங்காலின் கணக்கு எளியது. ஆறு மாதத்தில் இடுப்புயரம் வளர வேண்டும். நேராக நிற்க வேண்டும். கூண்டு இல்லாமலே பிழைக்க, ஆடு வாய் வைக்காததாக இருக்க வேண்டும். இந்த மூன்று தேர்விலும் தேறுபவை பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். தைலமரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, செம்மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்து. தூங்குமூஞ்சி மரம் அமெரிக்கக் கண்டத்தது. அண்மைக் காலத்தில் வேலி அழகுக்காக வந்த கோனோகார்பஸை நடுவதற்கு 2023இல் குஜராத் அரசு தடை விதித்தது. ஆடு இலை தின்னாத அயல்மரத்தை உள்ளூர்ப் புழுவும் பெரும்பாலும் தின்பதில்லை. புழு இல்லாத மரத்தில், குஞ்சுக்கு இரை தேடும் குருவிக்கு வேலையில்லை. ஆடு தின்னாது என்பதை நாம் சிறப்பென்று எழுதிக்கொண்டோம். நிலத்தின் கணக்கில் அது குறைபாடு.

'நம் மரம்' என்றால் எப்போதிலிருந்து நம்முடையது என்று ஒருவர் மடக்கலாம். நல்ல கேள்விதான். ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறதே ஒரு மரம், அதைவிடப் பழைய உள்ளூர்வாசி யார்? நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் 1940இல் அதைப் பற்றி எழுதினார். சுமார் 12 கோடி ஆண்டுகள் பழமையானது என்கிறார்கள். அதன் இனத்தை இன்று நட முடியாது. புளியமரமோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பல நூற்றாண்டுகளாகி, நம் குழம்பிலும் பேய்க்கதையிலும் குடியேறிவிட்டது. ஆகவே ஆண்டைக் கொண்டு அளப்பதில் பயனில்லை. இந்த மண்ணில் இதன் இலையை யார் தின்கிறார்கள், பூவுக்கு யார் வருகிறார்கள், பழத்தைத் தின்று விதையை யார் வேறிடத்தில் போடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். மூன்று கேள்விக்கும் விடை உள்ள செடி இங்குள்ளது. ஒன்றுக்கும் விடை இல்லாதது விருந்தாளி. விருந்தாளி இருக்கட்டும், ஆண்டிமடத்து முந்திரிக்காட்டை அழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதில் பல குடும்பங்கள் உண்கின்றன. புதிதாக நடும்போதும் விருந்தாளியையே ஏன் தேடிப் போக வேண்டும் என்பதுதான் கேள்வி.

தமிழ் படித்தவர்கள் இந்தக் கேள்வியைத் தாவரவியல்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்க முடியாது என்று நினைக்கிறேன். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியிருப்பதை நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோம். அதைவிட நமக்கு அருகில் இருப்பது முல்லை. காடுறை உலகம் என்று தொல்காப்பியர் மாயோனுக்குக் கொடுத்த நிலம் அது. அதன் தாவரங்களாக வகுப்பில் எழுதிப் போடுகிறோம்: கொன்றை, காயா, குருந்து, பிடவம், முல்லை, தளவம், தோன்றி. உரையாசிரியர் 'ஒரு மரம்' என்றோ 'ஒரு செடி' என்றோ எழுதிவைத்த இடத்தில் நாமும் நின்றுவிடுகிறோம்.

செந்துறைப் பக்கத்துச் செம்மண் மேடுகளில் அய்யனார் கோயிலையோ செல்லியம்மன் கோயிலையோ ஒட்டி, ஆள் நுழைய முடியாத கருங்கும்மென்ற தோப்புகள் சில இன்னும் உண்டு. கோடையிலும் இலை உதிர்க்காத காடு அது. உலர் பசுமைமாறாக் காடு என்று அறிவியலார் பெயரிட்டிருக்கிறார்கள். சோழமண்டலக் கடற்கரையிலும் அதை ஒட்டிய உள்நாட்டிலும் இலங்கையின் உலர் மண்டலத்திலும் துண்டு துண்டாக எஞ்சியிருப்பது. உள்ளே போய்ப் பார்த்தால் காயா, குருந்து, வீரை, பாலை, இரும்புலி. ஓரத்தில் சரக்கொன்றை, களா, காரை. பிடவம் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பலரும் பிடவம் என்று கருதும் அந்த வெண்பூப் புதரும் இவ்வகைக் காட்டுச் செடிதான். நாம் பாடத்தில் எழுதிப்போட்ட முல்லைப் பட்டியலில் பாதி அங்கே உயிரோடு நிற்கிறது.

என் மாணவர் ஒருவர் அந்தப் பக்கத்து ஊர்க்காரர். திருமாலின் நிறத்துக்குக் காயாம்பூவை ஏன் உவமை சொன்னார்கள் என்று வகுப்பில் பேச்சு வந்தபோது படத்தைக் காட்டினேன். "ஐயா, இது எங்க ஊர்க் காசான் ஆச்சே. அய்யனாரு கோயில்ல நெறையக் கெடக்கு. பூ விட்டா கொம்பெல்லாம் நீலமா அப்பிக்கிட்டிருக்கும்" என்றார். அவருக்குச் செடி தெரிந்திருந்தது, சொல் தெரியவில்லை. அந்த வகுப்பில் மற்ற அனைவருக்கும் சொல் தெரிந்திருந்தது. இவ்விரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்த கடைசித் தலைமுறை எது என்று எண்ணிப் பார்க்கிறேன். காயா ஒரு கன்றுகூட நாற்றங்காலில் கிடைப்பதில்லை. மெல்ல வளரும், கேட்பாரில்லை, ஆகவே வளர்ப்பாரில்லை.

ஊர்ப்பெயர்களையும் ஒரு பட்டியலாகப் படிக்கலாம். வேப்பூர், வேப்பந்தட்டை, ஆலத்தூர், நொச்சியம், முருக்கன்குடி, விளாங்குடி, இலந்தைக்கூடம், இலுப்பையூர். பழுவூரின் 'பழு' ஆலமரந்தான், அத்தலத்தின் மரமும் ஆலே. கடல் உயிர்களின் புதைபடிவங்களுக்குப் பேர்போன காரை என்னும் ஊர், காரைச்செடியால் பெயர் பெற்றதா சுண்ணாம்புக் காரையாலா என்று வழக்காடலாம், இரண்டுக்கும் அங்கே இடமுண்டு. ஊர்ப்பெயராய்வு ஆபத்தான விளையாட்டு, நானறிவேன். ஆனாலும் குடியேறிய மனிதர்கள் ஓரிடத்தை அடையாளம் காட்டக் கைநீட்டிய மரம் எது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை. இந்த வரிசையில் வெறும் நிழல் மரங்கள் மட்டுமல்ல, இலந்தையும் நொச்சியும் இருப்பதைக் கவனியுங்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்ததன் மையம் இருக்கிறது. நாம் மரம் நடுகிறோம், புதர் நடுவதில்லை. 'புதர்மண்டிக் கிடக்கிறது' என்றால் நம் மொழியில் வசை. பேரூராட்சி முதல் கல்லூரி முதல்வர் வரை எல்லோரும் புதரை 'அகற்றுகிறார்கள்'. முள் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் ஒரு கீச்சான் குருவி தன் இரையைக் குத்திவைப்பது முள்ளில்தான். தவிட்டுக்குருவிக் கூட்டம் வல்லூறுக்கு அஞ்சி ஓடி ஒளிவது முட்புதரில்தான். சூரைப்பழம், களாப்பழம், பூலாப்பழம், இலந்தை என்று நாம் பள்ளிக்கூட வழியில் தின்றவை எல்லாம் புதரில் விளைந்தவை. கொண்டைக்குருவிக்கும் அவையே உணவு. ஆதொண்டைக் கொடி இல்லாத இடத்தில் அதை நம்பி முட்டையிடும் வெள்ளைப் பட்டாம்பூச்சிகளுக்கு இடமில்லை. குருந்தும் விளாவும் வில்வமும் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எலுமிச்சை இலையில் கண்ட, பறவை எச்சம் போன்ற அந்தப் புழு இவற்றிலும் வளரும்.

இதைவிட முக்கியமான வேலை ஒன்றையும் முள் செய்கிறது. ஆடுமாடு மேயும் பொட்டலில் ஒரு வேப்பங்கன்று தானே வளர்ந்திருந்தால் அது எங்கே வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு சூரைப் புதருக்கோ சங்கஞ்செடிக்கோ நடுவில் இருக்கும். பறவை புதரில் அமர்ந்து எச்சமிடும். விதை நிழலில் விழும். ஆட்டின் வாய் முள்ளைத் தாண்டாது. நான்கைந்து ஆண்டுகளில் கன்று புதருக்கு மேலே தலைநீட்டும். நாம் நூற்றுக்கணக்கில் பணம் கொடுத்து இரும்புக் கூண்டு வாங்கிச் செய்யும் வேலையை முள் இலவசமாகச் செய்கிறது. ஆகவே மேய்ச்சல் உள்ள நிலத்தில் முதலில் நட வேண்டியது மரமே அல்ல. இலந்தை, காரை, களா, சங்கஞ்செடி இவற்றைத் திட்டுத்திட்டாக நட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டில் அவற்றின் மடியில் வீரையையும் பாலையையும் குருந்தையும் வைக்கலாம். ஒரு மரத்துக்கு மூன்று புதர் என்பது என் கணக்கு. குறைவென்று சிலர் சொல்லக்கூடும்.

கரிசலுக்குக் கணக்கு வேறு. கோடையில் வெடித்து வேரை அறுக்கும் மண் அது. மழையில் சேறாகி மூச்சுமுட்டும். செந்துறை மேட்டுக் காயாவைக் கொண்டுபோய்க் குன்னத்துப் பருத்திக்காட்டு வரப்பில் வைத்துவிட்டு 'நாட்டுச்செடியும் பிழைக்கவில்லை' என்று முடிவு கட்டுவது அநியாயம். கரிசல் தன் ஆட்களைத் தானே வைத்திருக்கிறது. வெள்வேல், கருவேல், விளா, இலந்தை, வேம்பு, வரப்போரத்துப் பூவரசு. வெள்வேலின் காய் ஆட்டுக்குத் தீவனம். ஊரில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஓடையோரம் என்றால் நீர்மருது, நாவல், புங்கு. கல்லுமேட்டுக்கு உசிலை. அதன் இலைதான் அரப்பு, நம் பாட்டிமார் தலைக்குத் தேய்த்தது. 'நாட்டு மரம்' என்று ஒரே பட்டியலை அச்சடித்து இரண்டு மாவட்டத்துக்கும் வழங்குவதும் தைலமரத்தை வழங்குவதற்கு அதிகத் தொலைவில் இல்லை.

ஏரிக்கு இன்னொரு கணக்கு. கரைவெட்டி ஏரி 2024 சனவரியில் ராம்சர் நிலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 454 எக்டேர். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளுக்குப் பேர்பெற்றது. அதைப் பார்த்துவிட்டு ஊர்தோறும் ஏரியில் மரம் நடலாம் என்று புறப்படுகிறார்கள். நீருக்குள் நின்று பிழைக்கும் கருவேலும் கரையோரத்து நீர்மருதும் நாரைக்கும் கொக்குக்கும் கூடு தரும், சரி. ஆனால் வாத்துக்கு மரம் வேண்டாம், திறந்த நீர் வேண்டும். மேட்டாங்கரையில் ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிடும். மரம் நடாமல் விட வேண்டிய இடமும் உண்டு என்பதைச் சொன்னால், மரத்துக்கு எதிரி என்று பெயர் வந்துவிடுகிறது.

சீமைக்கருவேலத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மாவட்டங்களில் எந்தப் பேச்சும் முடியாது. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வேரோடு அகற்ற ஆணையிட்டபோது எங்கும் பொக்லைன்கள் உறுமின. பெயர்த்த இடத்தில் என்ன வைத்தோம்? பல இடங்களில் ஒன்றுமில்லை. வெற்றுநிலத்தில் மாடும் ஆடும் அதே காயைத் தின்று வந்து சாணத்தோடும் புழுக்கையோடும் விதைத்தன. இரண்டு மழையில் அதே முள் முன்பைவிட நெருக்கமாக எழுந்தது. அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களும், வேறு புதர் இல்லாமல் அதில் கூடு கட்டிய பறவைகளும் இந்த வழக்கில் வாதியுமல்லர், பிரதிவாதியுமல்லர். அகற்றுவதானால் பகுதி பகுதியாக அகற்றி, வெட்டிய ஆண்டிலேயே வெள்வேலையும் இலந்தையையும் அந்த இடத்தில் ஊன்ற வேண்டும். முள்ளுக்கு மாற்று முள்தான்.

சுரங்க மண்மலைகளைப் பற்றி ஒரு சொல். தோண்டும்போது மேல்மண்ணைத் தனியே சேர்த்துவைத்து, பிறகு மீட்புக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அந்த ஒரு சாண் மண்ணில்தான் புல்லின் விதையும் வேரோடு கூடி வாழும் பூஞ்சையும் இருக்கின்றன. அதை அடியில் புதைத்துவிட்டு மேலே சுண்ணாம்புச் சரளையில் வரிசையாகக் கன்று நட்டுச் சொட்டுநீர் விட்டால், குழாயை நிறுத்தும் நாள்வரை பச்சையாக இருக்கும். முதலில் புல், பிறகு ஆவாரை, பிறகு உசிலை, இலந்தை என்று படிப்படியாகப் போவது மெதுவான வழி. புகைப்படத்துக்கு உகந்ததல்ல.

சரி, கன்று எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். விலைக்குக் கிடைப்பது அரிது. விதை சேர்க்க வேண்டும். இதில் பருவமும் பக்குவமும் உண்டு. இலுப்பை விதையும் வேப்பம் விதையும் சில வாரங்களில் முளைப்பாற்றலை இழந்துவிடும், உதிர்ந்த சூட்டோடு ஊன்ற வேண்டும். கொன்றைக்கும் உசிலைக்கும் விதையுறை கடினம், கீறியோ வெந்நீரில் ஊறவைத்தோ விதைக்க வேண்டும். ஆலும் அரசும் பறவை வயிற்றில் போய் வந்தவை நன்றாக முளைக்கும். பழைய சுவர்களில் முளைத்து நிற்பவற்றை மழை நாளில் பெயர்த்து எடுத்தால் சுவரும் பிழைக்கும். கோயில் தோப்பில் ஒரு சுள்ளிகூட எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இன்றும் வலுவாக இருக்கிறது. அந்த அச்சம்தான் தோப்பைக் காப்பாற்றியது. அதை நாம் 'நல்ல நோக்கத்தால்' மீறக் கூடாது. பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டு, தோப்புக்கு வெளியே பறவையும் மரநாயும் போட்டவற்றைப் பொறுக்கினாலே ஆண்டுக்குச் சில நூறு கன்றுகள் தேறும்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சிறு பையில் ஆளுயரம் நிற்கும் கன்றின் வேர் உள்ளே சுருண்டு சுருண்டு முடிச்சாகியிருக்கும். மண்ணில் வைத்த பிறகும் அந்தச் சுருள் விரியாது. முழ உயரத்தில், தண்டு தடித்து, பையின் அடியில் வேர் வெளியே ஓடாத கன்றே நல்லது. ஆடியில் குழிவெட்டி ஆறப்போட்டு, ஐப்பசி மழையில் நட்டால் முதல் கோடையைப் பெரும்பாலும் தாண்டிவிடும். இனங்களைத் தேரும்போது பழக்கும் மாதங்களை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது பயனுள்ள வேலை. மார்கழி, தையில் இலந்தையும் சூரையும். சித்திரையிலிருந்து பாலையும் களாவும். ஆனி, ஆடியில் நாவலும் வேம்பும் இலுப்பையும். இடையில் விழும் வெற்று மாதங்களை ஆலும் அத்தியும் இச்சியும் நிரப்பும். குயிலுக்குப் பன்னிரண்டு மாதமும் அடுப்பெரிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு எழும் மறுப்பு எப்போதும் ஒன்றே: புதர் வைத்தால் பாம்பு வரும். வரும். எலி உள்ள இடத்துக்குப் பாம்பு வரும், கீரியும் வரும். பிள்ளைகள் ஓடும் வகுப்பறை வாசலில் சூரைமுள் வைக்கச் சொல்லவில்லை. வளாகத்தின் பின்கோடியில், மதிலை ஒட்டி, யாரும் போகாத அரை ஏக்கரை விட்டுவையுங்கள் என்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் அப்படித் தானாக வளர்ந்திருந்த ஒரு துண்டுப் புதர்க்காட்டைத் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்று ஒரே நாளில் மழித்துவிட்டு, அங்கே கொரியன் புல்லும் அலங்காரப் பனையும் வைத்தார்கள். குழு வந்து பசுமை வளாகம் என்று பாராட்டிவிட்டுப் போயிற்று. மழித்ததில் நொச்சியும் ஆதொண்டையும் நான்கு காரைகளும் ஓர் அழிஞ்சிலும் இருந்தன. அழிஞ்சில் அப்போது பூத்திருந்தது.

வரும் ஐப்பசிக்கு எங்கள் மாணவர்கள் ஓர் ஏரிக்கரையின் வெளிச்சரிவில் நடப்போகிறார்கள். இதுவரை முளைத்தவை இலந்தை அறுபது, களா முப்பது, உசிலை இருபத்திரண்டு, குருந்து பதினொன்று, வீரை நான்கு. காயா விதைத்ததில் இரண்டு மட்டும் தலைகாட்டியிருக்கின்றன. பைகளின் மேல் ஒரு பக்கம் ஊர்ப்பெயரையும் மறுபக்கம் ஏட்டுப்பெயரையும் எழுதி ஒட்டுவது என்று அவர்களே முடிவு செய்திருக்கிறார்கள். வீரைக்கு இரண்டு பக்கமும் ஒரே பெயர்தான்.